"எனக்கு ஒன்றுமில்லை" என்கிறார் கணவர்: வால்வு அறுவையைத் தள்ளிப்போடலாமா?

ஒரு வாசகி தன் கணவரைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தைத் தருகிறேன்.

கணவருக்கு வயது 58. சில மாதங்களுக்கு முன் வழக்கமான உடல் பரிசோதனைக்குப் போனபோது, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த மருத்துவர் இதயத்தில் முணுமுணுப்பு ஓசை கேட்பதாகச் சொல்லி எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம்) எடுக்க அனுப்பினார். இதயத்திலிருந்து மகாதமனி என்ற பெரிய ரத்தக்குழாய்க்கு ரத்தம் வெளியேறும் வாசலான அயோர்டிக் வால்வில் தீவிரச் சுருக்கம் இருப்பது தெரிந்தது. மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய அந்த வால்வில் அவருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்கள்தான். வால்வின் திறப்பு 0.8 சதுர சென்டிமீட்டர், வால்வின் இருபுறத்துக்கும் இடையிலான சராசரி அழுத்த வேறுபாடு 46 மி.மீ. பாதரசம், ரத்தம் பாயும் வேகம் நொடிக்கு 4.4 மீட்டர். இதயத்தின் பம்ப் திறன் 60 சதவீதம். மகாதமனியின் அகலம் 4.1 சென்டிமீட்டர். ஆஞ்சியோகிராமில் அடைப்பு எதுவும் இல்லை. சீக்கிரம் வால்வை மாற்றிக்கொள்ளுங்கள் என்று இதய மருத்துவர் சொல்லிவிட்டார்.

கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆஞ்சியோ சுத்தமாக இருக்கிறது, பம்பிங் 60 இருக்கிறது, எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டு ஆண்டில் ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். தினமும் வேகமாக நடந்தால் இதயம் வலுவாகும் என்று ஒரு நண்பர் சொல்ல, அதையும் தொடங்கியிருக்கிறார். ஆனால் மனைவி கவனித்தது வேறு. மாடி ஏறும்போது பாதிப் படியில் நின்று கைபேசியை எடுத்துப் பார்க்கிறாராம். அழைப்பு எதுவும் வந்திருக்காது. ஒருமுறை பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது கண் இருட்டி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மருத்துவரிடம் இதைச் சொல்ல வாயெடுத்தவர், கணவர் முறைத்ததால் சொல்லாமல் திரும்பிவிட்டார். மாத்திரையால் சரியாகாதா, இரண்டு ஆண்டு பொறுக்கலாமா, காலில் துளையிட்டு வால்வு வைக்கிறார்களாமே அது முடியாதா, எந்த வால்வு நல்லது, மாற்றிய பிறகு பழைய ஆளாக இருப்பாரா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதிய எல்லா எண்களையும்விட, அந்தக் கைபேசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வால்வு சுருக்கம் உள்ளவர்களில் பலர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று மனதாரச் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை. நோய் ஆண்டுக்கணக்கில் மெதுவாக முற்றுவதால் அவர்களும் தங்கள் வேகத்தைத் தெரியாமலே குறைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். படியில் நிற்பார்கள், பையை இன்னொருவரிடம் கொடுப்பார்கள், "வயதாகிறதல்லவா" என்பார்கள். கூடவே இருப்பவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஆகவே உங்கள் கணவரை "தொந்தரவு இல்லாதவர்" என்ற கணக்கில் நான் வைக்க மாட்டேன். படியில் மூச்சு வாங்குவதும், ஓடும்போது கண் இருட்டுவதும் இந்த நோயின் முக்கியமான அறிகுறிகள். நீங்கள் சொல்லாமல் விட்டது மருத்துவர் கட்டாயம் கேட்டிருக்க வேண்டிய செய்தி. அடுத்த முறை அதை ஒரு தாளில் தேதியோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

அவருடைய இரண்டு சமாதானங்களும் தவறானவை

ஆஞ்சியோகிராம் காட்டுவது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை. வால்வு வேறு. குழாய்கள் சுத்தமாக இருப்பது நல்ல செய்திதான், அறுவையின்போது பைபாஸும் சேர்த்துச் செய்ய வேண்டியதில்லை என்று அதற்குப் பொருள். வால்வு நன்றாக இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை.

பம்ப் திறன் 60 என்பதும் அப்படித்தான். ஆரோக்கியமான அயோர்டிக் வால்வு மூன்று முதல் நான்கு சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். அவருக்கு அது கால் பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. கீல் இறுகிய கதவைத் தினமும் தள்ளித் தள்ளித் தோள் தடிப்பதுபோல, இடது கீழறையின் தசை தடித்துக்கொண்டே போகிறது. தடித்த தசை தன் முழு பலத்தையும் கொடுத்து அந்த 60-ஐ நீண்ட காலம் காப்பாற்றித் தரும். அந்த எண் இறங்கத் தொடங்கும்போது தசைக்குள் தழும்பு விழுந்திருக்கலாம். வால்வை மாற்றிய பிறகு தசையின் தடிப்பு மாதக்கணக்கில் மெல்லக் குறையும், ஆனால் விழுந்துவிட்ட தழும்பு பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். பம்ப் திறன் நன்றாக இருக்கும்போதே மாற்றிக்கொள்வதுதான் லாபம். அவர் தள்ளிப்போடக் காட்டும் காரணமே உண்மையில் இப்போதே செய்துகொள்ளக் காரணம்.

மாத்திரையால் கரையாதா?

கரையாது. இதழ்களில் படிந்திருப்பது சுண்ணாம்புச் சத்து. அந்த இடம் கிட்டத்தட்ட எலும்பைப் போலவே இறுகியிருக்கும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகள் சுருக்கத்தை நிறுத்துமா என்று நம்பிக்கையோடு சோதித்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான சீஸ் என்ற பெரிய ஆய்வு உட்பட எதிலும் பலன் தெரியவில்லை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதைத் தானாக நிறுத்தவும் கூடாது, தானாகக் கூட்டவும் கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை யாராவது கொடுத்தால் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். இந்த வால்வு உள்ளவருக்கு அழுத்தம் சட்டென்று விழுந்து மயக்கம் வரலாம்.

பலூனால் விரித்துவிட முடியாதா என்று வேறு சில வாசகர்களும் கேட்கிறார்கள். முடக்குக் காய்ச்சலால் (ருமாட்டிக் ஃபீவர்) மைட்ரல் வால்வின், அதாவது இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வின், ஓரங்கள் ஒட்டிக்கொண்ட இளவயதினருக்குப் பலூன் அருமையான சிகிச்சை. 1980-களிலிருந்து அது எத்தனையோ பேரைப் பெரிய அறுவையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ஆனால் சுண்ணாம்பு படிந்த அயோர்டிக் வால்வைப் பலூனால் விரித்தால் சில மாதங்களில் பழையபடி சுருங்கிவிடும். உங்கள் கணவருக்கு அது தீர்வாகாது.

இரண்டு ஆண்டு பொறுத்தால்?

அறுவை என்றதும் எல்லோரும் அதன் ஆபத்தை மட்டும் தட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். எதிர்த் தட்டில் இருப்பது ஆபத்தே இல்லாத வாழ்க்கை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எதிர்த் தட்டில் இருப்பது இந்த நோய். 1968-இல் ரோஸ், பிரான்வால்ட் என்ற இருவர் எழுதிய கணக்கை இன்றும் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். வால்வை மாற்றாமல் விட்டால், நெஞ்சுவலி தொடங்கியவர்கள் சராசரியாக ஐந்து ஆண்டுகள், மயக்கம் வந்தவர்கள் மூன்று ஆண்டுகள், இதயம் தளர்ந்து மூச்சுத்திணறல் வந்தவர்கள் இரண்டு ஆண்டுகள். 2010-இல் வெளியான பார்ட்னர் ஆய்வில், அறுவையைத் தாங்க முடியாத நிலையிலிருந்த முதியவர்களில், வால்வை மாற்றாமல் மற்றச் சிகிச்சைகளை மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறந்துவிட்டார்கள். அவர்கள் மிக வயதானவர்கள், வேறு நோய்களும் இருந்தவர்கள். உங்கள் கணவரை அவர்களோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனால் அறிகுறி தொடங்கிய பிறகு இந்த நோய் எந்தத் திசையில் போகிறது என்பதில் சந்தேகமில்லை.

மறுபக்கத்தைப் பாருங்கள். 58 வயது, நல்ல பம்ப் திறன், சுத்தமான ரத்தக்குழாய்கள், சிறுநீரகமும் நுரையீரலும் நன்றாக இருந்தால், அனுபவமுள்ள இடத்தில் இந்த அறுவையில் உயிரிழப்பு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. பக்கவாதமும் ஏறக்குறைய அதே அளவு. சிலருக்கு பேஸ்மேக்கர் தேவைப்படலாம். மூன்றில் ஒருவருக்கு அறுவை முடிந்த சில நாட்களுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும், பெரும்பாலும் மருந்திலேயே சரியாகிவிடும். இவை சிறிய ஆபத்துகள் என்று நான் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடும் முன் அவர் இவற்றை முழுமையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் இரண்டு ஆண்டு காத்திருப்பது இதைவிடப் பல மடங்கு ஆபத்து. வாரக்கணக்கில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், ஆண்டுக்கணக்கில் வேண்டாம்.

அதுவரை அந்த வேக நடையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இங்கே பலவீனமாக இருப்பது தசை இல்லை, வாசல் குறுகியிருக்கிறது. உழைக்க உழைக்க உடம்பு கூடுதல் ரத்தம் கேட்கும், குறுகிய வால்வால் அதைக் கொடுக்க முடியாது, கண் இருட்டும். சாதாரணமாக நடக்கலாம், வீட்டு வேலை செய்யலாம். ஓட்டம், பளு தூக்குதல், மூச்சை அடக்கித் தள்ளும் வேலைகள் வேண்டாம். நடைப்பட்டை (டிரெட்மில்) ஓட்டச் சோதனைக்கு யாராவது அனுப்பினால், கண் இருட்டிய செய்தியை முதலில் சொல்லுங்கள். அறிகுறி இருப்பவருக்கு அந்தச் சோதனை செய்யக் கூடாது.

காலில் துளையிட்டு வைக்கும் வால்வு

டாவி என்று அதைச் சொல்கிறோம். 2002-இல் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே முதன்முதலாக மனிதருக்குச் செய்தார். தொடை ரத்தக்குழாய் வழியாக மடக்கிய வால்வைக் கொண்டுபோய், பழைய வால்வுக்குள்ளேயே விரித்துவிடுவார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டாம், சில நாட்களில் வீடு திரும்பலாம். முதியவர்களுக்கு இது பெரிய வரம், அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை.

ஆனால் அறுவை ஆபத்து குறைந்தவர்களுக்கும் டாவி நல்லது என்று 2019-இல் காட்டிய பெரிய ஆய்வுகளில் இருந்தவர்களின் சராசரி வயதே 73-க்கு மேல். இரண்டு இதழ் வால்வு உள்ளவர்களை அந்த ஆய்வுகளில் சேர்க்கவில்லை. இரண்டு இதழ் வால்வின் வாய் ஒழுங்கற்ற வடிவில் இருக்கும், சுண்ணாம்பும் ஓரிடத்தில் கட்டியாக இருக்கும். அதற்குள் வால்வை விரிக்கும்போது ஓரத்தில் கசிவு ஏற்படலாம், பேஸ்மேக்கர் வைக்க வேண்டிய வாய்ப்பும் அறுவையைவிட அதிகம். 58 வயதில் வைக்கும் வால்வு இருபது முப்பது ஆண்டு வாழ்க்கைக்குத் துணை வர வேண்டும். இளவயதில் வைத்த டாவி வால்வு தேய்ந்துபோனால் அதை வெட்டி எடுப்பது முதல் அறுவையைவிடக் கடினம். இந்தக் காரணங்களால் அவருக்கு முதல் தேர்வு திறந்த அறுவை என்பதே என் கருத்து. நான் அவரை நேரில் பார்க்கவில்லை, சி.டி. ஸ்கேனைப் பார்க்கவில்லை. அறுவை நிபுணரும் இதய மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் ஆலோசனையைக் கேளுங்கள். இரண்டாவது கருத்தும் கேட்கலாம், அது உங்கள் உரிமை, அதனால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். எக்கோ, ஆஞ்சியோகிராம் படங்களின் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் அறிக்கைத் தாள் போதாது.

மெட்டலா, டிஷ்யூவா?

இதுதான் உங்கள் வீட்டில் உட்கார்ந்து உண்மையிலேயே பேச வேண்டிய கேள்வி. மருத்துவர் ஒரு வரியில் முடிவு சொல்லிவிடக் கூடிய வயது இல்லை இது. ஐம்பதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் மெட்டல் என்போம், அறுபத்தைந்துக்கு மேலே என்றால் டிஷ்யூ. நடுவில் இருப்பவர்களுக்கு அவர்களுடைய வாழ்க்கைதான் பதில்.

பேச்சு வழக்கில் மெட்டல் என்றாலும் அந்த வால்வின் இரண்டு தகடுகளும் கார்பனால் ஆனவை. ஆயுள் முழுவதும் தேயாது என்றே சொல்லலாம். ஆனால் அதன்மேல் ரத்தம் உறையும். அதைத் தடுக்க வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் சாப்பிட வேண்டும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். அயோர்டிக் இடத்தில் வைத்த வால்வுக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் உறைகட்டி, கூடினால் ரத்தக்கசிவு. ஒழுங்காகச் சாப்பிடுபவர்களிலும் ஆண்டுக்கு நூற்றில் ஓரிருவருக்குப் பெரிய ரத்தக்கசிவு வருகிறது. வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், நாட்டு மருந்து எதுவானாலும் கேட்காமல் சாப்பிடக் கூடாது. கீரையை விட வேண்டியதில்லை, சாப்பிடும் அளவு வாரத்துக்கு வாரம் மாறாமல் இருந்தால் போதும். பரிசோதனை தேவைப்படாத புதிய ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள் வந்துவிட்டனவே என்று யாராவது சொல்வார்கள். மெட்டல் வால்வுக்கு அவை ஆகாது. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானைச் சோதித்த ஆய்வில் உறைகட்டியும் ரத்தக்கசிவும் அதிகமானதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். இன்னொன்று, மெட்டல் வால்வு டிக் டிக் என்று சத்தமிடும். இரவின் அமைதியில் பக்கத்தில் படுத்திருக்கும் உங்களுக்கும் கேட்கும். சிலருக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும், சிலருக்குத் தூக்கம் கெடும். முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

டிஷ்யூ வால்வு பசுவின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்யப்படுவது. நம்பிக்கை சார்ந்த தயக்கம் இருந்தால் அதை அறுவைக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இதற்கு நீண்ட கால வார்ஃபரின் வேண்டாம், பெரும்பாலும் குறைந்த அளவு ஆஸ்பிரின் போதும். மருந்தே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். பத்திலிருந்து பதினைந்து ஆண்டுகளில் தேயும், வயது குறைந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரமாகவே தேயலாம். அப்போது அவருக்கு எழுபதை ஒட்டிய வயதாக இருக்கும், இன்னொரு சிகிச்சை தேவைப்படும். அந்த நேரத்தில் பழைய வால்வுக்குள் டாவி வால்வை வைக்க முடியலாம், ஆனால் முதல் வால்வு போதிய அளவில் பெரிதாக இருந்தால்தான் அது நன்றாக அமையும். "என்ன அளவு வால்வு வைப்பீர்கள், பின்னால் அதற்குள் டாவி வைக்க இடம் இருக்குமா?" என்று அறுவை நிபுணரை இப்போதே கேளுங்கள்.

கலிபோர்னியாவில் வால்வு மாற்றிக்கொண்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அயோர்டிக் வால்வைப் பொறுத்தவரை 55 வயது வரைதான் மெட்டல் வால்வு ஆயுளில் கூடுதல் பலன் தந்தது. அதற்கு மேற்பட்ட வயதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே உங்கள் கணவர் எதைத் தேர்ந்தாலும் தவறு செய்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மருத்துவரிடம் போவதையே தள்ளிப்போடுபவர், தொந்தரவு இருந்தாலும் இல்லை என்பவர், மாதாமாதம் ரத்தம் கொடுத்து மாத்திரை அளவை மாற்றிக்கொண்டிருப்பாரா? இந்தக் குணத்தை வைத்துப் பார்த்தால் என் மனம் டிஷ்யூ பக்கம் சாய்கிறது. இன்னொரு அறுவை என்ற எண்ணமே அவருக்குத் தாங்காது என்றால், மெட்டல்தான். இதை அவரே சொல்ல வேண்டும், நீங்களோ நானோ அவருக்காகச் சொல்ல முடியாது. சம்மதக் கையெழுத்தும் அவருடையதுதான்.

அறுவைக்குப் பின் என்ன எதிர்பார்க்கலாம்?

அறுவை மூன்று நான்கு மணி நேரம். இதயத்தை நிறுத்தி, ரத்த ஓட்டத்தை இதய-நுரையீரல் இயந்திரத்துக்கு மாற்றி, கெட்ட வால்வை வெட்டியெடுத்துப் புதியதைத் தைப்பார்கள். ஓரிரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, மொத்தம் ஒரு வாரம் அளவில் மருத்துவமனை. நெஞ்செலும்பு ஒட்ட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை கனமானதைத் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. இருமும்போது நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டால் வலி குறையும். பசியின்மை, தூக்கக் குறைவு, காரணமில்லாத அழுகை, எரிச்சல் ஆகியவை முதல் சில வாரங்களில் பலருக்கும் வரும். அவர் மாறிவிட்டார் என்று பயப்படாதீர்கள், நாளாக நாளாகக் குறையும். குறையவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அலுவலக வேலை என்றால் இரண்டு மூன்று மாதத்தில் திரும்பலாம். ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

பழைய ஆளாக இருப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல நேரத்தில் மாற்றிக்கொண்டவர்கள் தங்கள் வயதொத்த மற்றவர்களுக்கு நெருக்கமான ஆயுளோடு வாழ்கிறார்கள். முற்றிலும் சமம் என்று சொல்ல முடியாது. ஒரு நோயைக் கொடுத்துவிட்டு, அதைவிட மிகச் சிறிய பொறுப்பொன்றை வாங்கிக்கொள்கிறோம். செயற்கை வால்வில் கிருமி தொற்றுவதுதான் அந்தப் பொறுப்பில் முக்கியமானது. அறுவைக்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டிச் சொத்தைகளைச் சரிசெய்துவிடுங்கள். பின்னாளில் பல் பிடுங்கும்போதும் ஈறில் சிகிச்சை செய்யும்போதும் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும். காரணம் தெரியாத காய்ச்சல் இரண்டு மூன்று நாள் நீடித்தால், கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடவே கூடாது. முதலில் ரத்தத்தை எடுத்து கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஒரு மாத்திரை உள்ளே போய்விட்டால்கூடக் கிருமியைக் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும். மூன்று மாதத்துக்குள் ஒரு எக்கோ எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், பிற்காலத்தில் எல்லா எக்கோவையும் அதோடுதான் ஒப்பிடுவோம். மகாதமனி 4.1 சென்டிமீட்டர் இருப்பதையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். வால்வு அறுவையின்போது அது 4.5 அளவை எட்டியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுவதை யோசிப்போம். அவருக்கு இப்போது தேவைப்படாது என்றே தெரிகிறது, ஆனாலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு இதழ் வால்வு ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது, சில குடும்பங்களில் வழிவழியாகவும் வருகிறது. உங்கள் பிள்ளைகளுக்கும் அவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்த்துவிடுங்கள். வலியில்லாத, ஊசியில்லாத பரிசோதனை. பிள்ளைகளுக்காக அவர் உங்களோடு மருத்துவமனைக்கு வரச் சம்மதிப்பார் என்றால், அதே நாளில் தன் மருத்துவரையும் பார்த்துவிட்டு வரட்டும்.

அறுவை நாள் வருவதற்குள் அவர் மயங்கி விழுந்தாலோ, ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத்திணறினாலோ, நெஞ்சுவலி வந்தாலோ, நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அங்கே முதலில் சொல்ல வேண்டியது, "இவருக்கு அயோர்டிக் வால்வில் தீவிரச் சுருக்கம்" என்பது. எக்கோ அறிக்கையின் நகல் ஒன்று அவர் சட்டைப் பையிலும், இன்னொன்று உங்கள் கைப்பையிலும் இருக்கட்டும்.